அட்டைப்பெட்டியில் மூன்று எண்கள்: நீரூற்று மோட்டார் கற்பிக்கும் அறிவியல்

ஏர்கூலர் மோட்டார், மீன்தொட்டி மோட்டார் எதை வாங்கினாலும் அதன் அட்டைப்பெட்டியில் மூன்று எண்கள் இருக்கும்: 18 வாட், 1.8 மீட்டர், மணிக்கு 1100 லிட்டர் என்பதுபோல. 1.8 மீட்டர் உயரத்திற்கு மணிக்கு 1100 லிட்டர் நீர் ஏறும் என்று மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான். உண்மையில் இவ்விரண்டும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை. இதை ஒன்பதாம் வகுப்பு 'பாய்மங்கள்' பாடத்தை ஒட்டிச் செய்து பார்த்தோம்.

தேவை உண்மையானது. எங்கள் பள்ளித் தோட்டத்துச் சிறு குளத்தில் கொசுப்புழுக்கள் தென்பட்டதால், அதை மண் போட்டு மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நீரை ஓடவிட்டு, மூலைகளில் தேங்கும் நீருக்குக் கப்பி மீன் விட்டால் குளத்தைக் காப்பாற்றலாம் என்றனர் சூழல் மன்ற மாணவர்கள். எந்த மோட்டார் வாங்குவது என்பதே அடுத்த கேள்வி.

முதலில் தேவையைக் கணக்கிட்டோம். குளம் 2 மீ நீளம், 1.5 மீ அகலம், நீரின் ஆழம் 0.4 மீ. கொள்ளளவு 1.2 கனமீட்டர், அதாவது 1200 லிட்டர். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை குளத்து நீர் முழுவதும் சுழல வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். எனவே மணிக்கு 600 லிட்டர் தேவை. ஊற்றின் முனை நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும் என்பது மாணவர்களின் விருப்பம்.

பிறகு சோதனை. ஒரு மாணவி வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏர்கூலர் மோட்டாரை, மேடைமேல் வைத்த நீர் நிறைந்த டிரம்மில் மூழ்கவைத்தோம். டியூபின் முனையை ஒவ்வோர் உயரத்திலும் பிடித்து, 10 லிட்டர் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்தோம். உயரத்தை டிரம்மின் அடியிலிருந்து அல்ல, நீர்மட்டத்திலிருந்து அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வாளி நீரை டிரம்மிலேயே திருப்பி ஊற்றினோம்.

0 மீ: 36 விநாடி, மணிக்கு 1000 லிட்டர்
0.5 மீ: 45 விநாடி, 800 லிட்டர்
1.0 மீ: 72 விநாடி, 500 லிட்டர்
1.5 மீ: 180 விநாடி, 200 லிட்டர்

1.8 மீட்டரை நெருங்கியபோது டியூபில் நீர் நின்றது, வெளியே கொட்டவில்லை. பெட்டியிலுள்ள உயரம், நீர்வரத்து சுழியாகும் உயரம் என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள்.

1 மீட்டரில் 500 லிட்டர்தான் கிடைக்கிறது, தேவையோ 600. "பெரிய மோட்டார் வாங்கலாம் சார்" என்றது வகுப்பு. வரைபடத்தாளில் புள்ளிகளை இணைத்தபின், 600 லிட்டருக்கு நேராக ஒரு கோடு இழுத்தாள் ஒரு மாணவி. அது சுமார் 0.83 மீட்டரைக் காட்டியது. ஊற்றின் முனையை 80 செ.மீ. உயரத்திற்கு இறக்கினால் இதே மோட்டார் போதும். கூடுதல் செலவும் இல்லை, கூடுதல் மின்சாரமும் இல்லை.

இதன் தொடர்ச்சியாக வேலை, ஆற்றல் பாடத்திற்கும் போகலாம். 600 கிலோ நீரை 0.8 மீட்டர் உயர்த்த 600 × 9.8 × 0.8 = 4704 ஜூல் தேவை. மோட்டார் ஒரு மணி நேரத்தில் எடுப்பது 18 × 3600 = 64,800 ஜூல். பயன்படுவது ஏறத்தாழ 7 சதவீதமே. மீதி எங்கே போனது? மோட்டாரின் வெப்பம், டியூபின் உராய்வு, நீரின் சுழிப்பு என மாணவர்களே பட்டியலிடுவார்கள்.

பாதுகாப்பில் சமரசம் கூடாது. இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் உயிர்காக்கும் சாதனம் (ஆர்.சி.டி.) இருக்க வேண்டும். சுவிட்சை ஆசிரியர் மட்டுமே இயக்க வேண்டும். மோட்டார் ஓடும்போது யாரும் நீரில் கை வைக்கக் கூடாது. நீரில்லாமல் மோட்டாரை ஓட்டக் கூடாது.

தொடக்க வகுப்புகளுக்கு மோட்டாரே வேண்டாம். குழாயடியில் ஒரு வாளி நிரம்பும் நேரத்தை அளந்து, ஒரு நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடச் செய்தாலே போதும்.

மதிப்பீட்டிற்கு ஒரு வினா: நீரின் ஆழம் 40 செ.மீ.; ஊற்றின் முனை குளத்தின் அடியிலிருந்து 120 செ.மீ. உயரத்தில் உள்ளது. மோட்டார் தேர்வுக்கு எந்த உயரத்தைக் கணக்கில் எடுப்பீர்கள்? ஏன்? '80 செ.மீ.' என்ற விடையைவிட, அந்த 'ஏன்' என்பதற்கு மாணவர் எழுதும் இரண்டு வரியைக் கவனியுங்கள். பாடம் சென்று சேர்ந்ததா என்பது அதில் தெரிந்துவிடும்.