ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்

கலிஃபோர்னியாவில் நான் பாடம் நடத்தும் இரண்டாம் வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளின் வீட்டில் ஸ்பானிஷ் புழங்குகிறது. அதற்காக அவர்களை ஒரே கூட்டமாக எண்ணிவிட முடியாது. ஒருத்தியின் பெற்றோர் எல் சால்வடோர்க்காரர்கள். பக்கத்தில் இருப்பவனுக்குப் பெரு. இன்னொரு பிள்ளையின் பாட்டி மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தவர். அவருக்கு மிஷ்டெக்தான் தாய்மொழி, ஸ்பானிஷ் பிறகு கற்றுக்கொண்டது.

செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை அமெரிக்காவில் ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம். 1968-ல் வாரமாகத் தொடங்கி 1988-ல் மாதமானது. மாத நடுவில் தொடங்கக் காரணம் உண்டு. குவாத்தமாலா, எல் சால்வடோர், ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டா ரிகா ஐந்துக்கும் செப்டம்பர் 15 சுதந்திர தினம். மறுநாள் மெக்சிகோவுக்கு, 18-ல் சிலிக்கு. இத்தனை நாடுகளையும் அகன்ற தொப்பி, பினாட்டா, டாக்கோ என்று ஓர் அட்டைக்குள் அடக்கப் பார்க்கும் புத்தகங்களும் உண்டு. அவற்றை நான் புரட்டிப் பார்ப்பதோடு சரி.

இந்த மாதத்துக்குப் படப்புத்தகம் தேர்ந்தெடுக்க என் முதல் சல்லடை எளிது: கதை நடக்கும் ஊருக்குப் பெயர் இருக்கிறதா? இசபெல் கின்டெரோ எழுதி ஸீக் பென்யா படம் வரைந்த ‘மை பாப்பி ஹேஸ் எ மோட்டார்சைக்கிள்’ (2019) கலிஃபோர்னியாவின் கொரோனா நகரில் நடக்கிறது. தச்சு வேலை முடிந்து வரும் அப்பா, மகளை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார். அவ்வளவுதான் கதை. பண்டிகை இல்லை, பாரம்பரிய உடை இல்லை. நான் முதலில் வாசிப்பது இதைத்தான். பிள்ளைகள் உடனே தங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். ஸ்பானிஷ் தெரியாத வீட்டுப் பிள்ளைகளும்தான்.

அடுத்தது படம். எழுத்தை மறைத்துவிட்டுப் பக்கங்களை மட்டும் காட்டுவேன். டங்கன் டொனாட்டியூவின் ‘செபரேட் இஸ் நெவர் ஈக்வல்’ (2014) இதற்குப் பொருத்தம். எல்லா முகங்களும் பக்கவாட்டில், காதுகள் 3 என்ற எண்ணைப் போல. ஏன் இப்படி என்று கேட்காத வகுப்பை நான் பார்த்ததில்லை. மிஷ்டெக் மக்களின் பழைய ஓவியச் சுவடிகளிலிருந்து அவர் எடுத்தாண்ட பாணி அது. அந்தச் சுவடிகளின் படத்தைத் திரையில் காட்டினால், பாட்டியின் மொழி தெரிந்த பிள்ளை நிமிர்ந்து உட்காரும்.

கதையும் கனமானது. 1944-ல் கலிஃபோர்னியாவின் வெஸ்ட்மின்ஸ்டர் நகரில் சில்வியா மெண்டஸ் என்ற சிறுமியையும் அவள் தம்பிகளையும் பக்கத்துப் பள்ளி சேர்த்துக்கொள்ள மறுத்தது. கூடவே வந்த, நிறம் வெளுத்த அத்தை பிள்ளைகளுக்கு மட்டும் இடம் தர முன்வந்தது. சில்வியாவின் அப்பா மெக்சிகோவில் பிறந்தவர், அம்மா போர்ட்டோ ரிக்கோக்காரர். வேறு நான்கு குடும்பங்களும் சேர்ந்து வழக்குத் தொடுத்தன. 1947-ல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று நாடு முழுவதற்குமாகச் சொன்ன பிரவுன் வழக்குத் தீர்ப்பு வர இன்னும் ஏழு ஆண்டுகள் இருந்தன. ஏழு வயதுக்காரர்களுக்கு இது நீளமான புத்தகம். இரண்டு நாளாகப் பிரித்து வாசியுங்கள், கடைசியில் உள்ள ஆசிரியர் குறிப்பை நீங்கள் முன்னதாகவே படித்துவிடுங்கள். “ஏன் அத்தை பிள்ளையை மட்டும்?” என்ற கேள்வி கட்டாயம் வரும்.

நிறம் என்றதும் இன்னொன்று. ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் எல்லோரும் ஒரே சாயலில் வரையப்பட்டிருந்தால் உங்கள் புத்தகப் பட்டியலில் ஏதோ குறைகிறது. மார்கரிட்டா எங்கிளின் ‘டிரம் டிரீம் கேர்ள்’ (2015) கியூபாவின் மில்லோ காஸ்ட்ரோ சல்தாரியாகாவை வைத்து எழுதப்பட்டது. ஆண்கள் மட்டுமே முரசு கொட்டலாம் என்ற வழக்கத்தை உடைத்த, சீன, ஆப்பிரிக்கப் பூர்வீகம் கொண்ட சிறுமி. மெக்சிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைப் பற்றிப் படப்புத்தகங்கள் ஏராளம். (அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அலமாரி நிறைய அவர் மட்டும் எதற்கு?)

எல்லையைக் கடக்கும் கதைகளில்தான் நிதானம் வேண்டும். டொனாட்டியூவின் ‘பாஞ்சோ ராபிட் அண்ட் தி கயோட்டி’ நல்ல புத்தகம்தான். ஆனாலும் நான் அதை வகுப்பு முழுவதற்கும் உரக்க வாசிப்பதில்லை. குடியேற்ற ஆவணம் இல்லாத பெற்றோரின் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கலாம். எந்தக் கதை முடிந்தாலும் “உங்கள் வீட்டார் இப்படித்தான் வந்தார்களா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். குடியேற்றம் பற்றிப் பேச யூயி மொராலெஸின் ‘ட்ரீமர்ஸ்’ (2018) எனக்குப் போதும். 1994-ல் கைக்குழந்தையோடு மெக்சிகோவிலிருந்து வந்து, சான் ஃபிரான்சிஸ்கோ நூலகத்தில் படப்புத்தகங்கள் வழியாக ஆங்கிலம் பிடித்த அவரது சொந்தக் கதை. தனக்குப் பிடித்த புத்தகங்களின் பட்டியலையும் கடைசியில் தந்திருக்கிறார். ‘சோன்யடோரெஸ்’ என்று ஸ்பானிஷ் பதிப்பும் உண்டு. அதை வாசிக்க நான் முயல்வதில்லை, ஒரு பிள்ளையின் அம்மாவையோ தாத்தாவையோ அழைத்துவிடுவேன்.

எங்கே தேடுவது என்று தெரியாதவர்கள் பூரா பெல்ப்ரே விருதுப் பட்டியலிலிருந்து தொடங்கலாம். லத்தீனோ எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் 1996 முதல் தரப்படுகிறது. பூரா பெல்ப்ரே நியூயார்க் பொது நூலகத்தின் முதல் போர்ட்டோ ரிக்கோ நூலகர், 1921-ல் சேர்ந்தவர். தன் ஊர்க் கதைகள் எதுவும் அங்கே அலமாரியில் இல்லாததால் கரப்பான்பூச்சி மார்ட்டினாவும் எலி பெரெஸும் வரும் கதையை அவரே எழுதி 1932-ல் வெளியிட்டார்.

செப்டம்பரில் நூலகத்துக்குப் போனால் எல்லா டீச்சர்களும் முன்பதிவு செய்து முடித்திருப்பார்கள். ஆகஸ்டிலேயே எடுத்துவிடுங்கள். மோட்டார்சைக்கிள் புத்தகத்தைச் சொந்தமாக வாங்கிக்கொள்வது உத்தமம். சமூகப் பாடத்தில் ‘நம் சுற்றுப்புறம்’ வரும்போது எனக்கு மறுபடியும் அதுதான் கைகொடுக்கிறது.