‘ஒத்துக்காது’ என்ற சொல் போதாது

பினாங்கிற்குச் செல்லும் மாணவர்கள் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் கால் வைக்காமல் திரும்புவதில்லை. நானும் சென்ற ஆண்டு விடுமுறையில் நண்பர்களோடு அங்குச் சென்றேன். எனக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. சாலையோரக் கடை ஒன்றில் பசம்பூர் கேட்டபோது, “அண்ணே, கச்சான் எனக்கு ஒத்துக்காது, போடாதீங்க” என்றேன். “சரி தம்பி” என்றவர், மேலே தூவும் கடலையை விட்டுவிட்டுக் குழம்பை ஊற்றிக் கொடுத்தார். அரைத்த கடலை அந்தக் குழம்பில்தான் இருந்தது. பத்து நிமிடத்தில் உதடு தடித்தது; மூச்சு இழுத்தது. மருத்துவமனையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே மூச்சுச் சீரானது.

கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. நம் வீடுகளில் கத்தரிக்காய் தின்றால் அரிப்பு, பலாப்பழம் தின்றால் வயிற்றுவலி, எல்லாவற்றிற்கும் ‘ஒத்துக்காது’, ‘சேராது’ என்றே சொல்கிறோம். அவரும் அப்படித்தான் புரிந்துகொண்டார். ‘ஒவ்வாமை’ என்ற நூல்வழக்குச் சொல்லுக்கும் ‘பொருந்தாமை’ என்பதே பொருள். உயிர் போகும் என்ற அச்சம் இச்சொற்களில் இல்லை.

மலாயில் ஒவ்வாமையை ‘அலாஹான்’ என்பர். இதன் வேர்ச்சொல்லான ‘அலா’ தோற்றுப் போவதைக் குறிக்கும். இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டுகள் மலாயில் படித்தும் நான் இதைக் கவனித்ததில்லை! தாய் மொழியிலும் இதே வியப்பு. ‘பே’ என்றால் தோற்றல்; ஒவ்வாமைக்கும் அதுவே சொல். “போம் பே துவா லிசொங்” என்றால் எனக்கு நிலக்கடலை ஒவ்வாமை என்பது பொருள்; பெண்கள் ‘போம்’ என்பதற்குப் பதில் ‘சான்’ என்பர். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் அது விருப்பமாகவே கேட்கும்.

பொருளின் பெயரிலும் குழப்பம் உண்டு. மலாயில் ‘கச்சாங்’ எல்லாப் பயறுகளையும் குறிக்கும். எனவே ‘கச்சாங் தானா’ என்றே கூற வேண்டும். நம் ‘கடலை’யும் கொண்டைக்கடலையா நிலக்கடலையா என்று தெளிவாகச் சொல்வதில்லை.

தாய் உணவில் பாட் தாய், மசமான் கறி, சாத்தே குழம்பு, சொம் தம் ஆகியவற்றில் நிலக்கடலை வழக்கமாக இருக்கும். சைவம் என்பதற்கான ‘ஜே’ இங்கு உதவாது. அதில் இறைச்சியும் மீன் சாறும் இராது, கடலை தாராளமாக இருக்கலாம். இறால் ஒவ்வாதவர்களுக்குச் சிக்கல் இன்னும் பெரிது. ‘கப்பி’ எனும் இறால் விழுது கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். நம் பெலாச்சானைப் போலத்தான். வறுத்தாலும் கொதிக்க வைத்தாலும் கடலை, இறால் ஆகியவற்றின் ஒவ்வாமைப் புரதங்கள் அழிவதில்லை. அரிப்புக்கான மாத்திரை மூச்சுக்குழாய் அடைப்பதைத் தடுக்காது. மருத்துவர் தந்த அட்ரினலின் ஊசியைப் பயணப்பெட்டியில் வைக்காமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும். அதைத் தொடையின் வெளிப்புறத்தில் போட வேண்டும்.

இவ்வாண்டு ஹாட்யாய் சென்றபோது, தாய் மொழி தெரிந்த தோழி எழுதித் தந்த அட்டையைச் சொம் தம் விற்கும் அம்மாவிடம் நீட்டினேன். கடலை போடாமல் இடித்துத் தருவார் என்று நினைத்தேன். அவர் அட்டையைப் படித்தார், தம் உரலைச் சுட்டிக்காட்டினார், தலையசைத்து மறுத்தார். அந்த உரலில்தான் காலையிலிருந்து கடலை இடிபட்டுக் கொண்டிருந்தது. அன்று மதியம் எனக்கு வெறுஞ்சோறும் இரண்டு அவித்த முட்டையும்தான்.