நீதிக்கான கூலியை யார் கொடுப்பது?



தெருமுனையில் கஞ்சா விற்பனை, இரவில் பைக் திருட்டு, பள்ளி விட்டு வரும் பிள்ளைகளிடம் சீண்டல் என்று பேச்சு வரும்போதெல்லாம் ஜமாஅத்தில் ஒருவராவது சொல்வார்: "ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, கேஸ் நடத்துற வக்கீலுக்கே கொடுத்துடுவோம். பிடிபட்டவன் வெளியே வர மாட்டான்." நோக்கம் நல்லதுதான். ஆனால் அரசின் பெயரால் குற்ற வழக்கு நடத்துபவருக்கு நாம் கூலி கொடுக்கலாமா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

போர்ட்லாந்து நகரின் அனுபவம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உள்ள போர்ட்லாந்தில், 1990-இல் லாய்டு என்ற வணிகப் பகுதியின் வியாபாரிகள் இதைச் செய்தார்கள். தங்கள் பகுதிக்கென்று ஓர் அரசு வழக்கறிஞர் வேண்டும், செலவை நாங்களே ஏற்கிறோம் என்றார்கள். மாவட்டத் தலைமை அரசு வழக்கறிஞர் மைக்கேல் ஷ்ரங்க் சம்மதித்து, தம் அலுவலகத்தைச் சேர்ந்த வெய்ன் பியர்சனை அங்கே அமர்த்தினார்.

பியர்சன் மக்களிடம் கேட்டபோது, அவர்களை அதிகம் வருத்தியவை பெரிய குற்றங்கள் அல்ல என்று தெரிந்தது. பொது இடத்தில் குடி, போதைப்பொருள், கார் உடைப்பு, விபச்சாரம், ரயில் பாதையோரப் பள்ளத்தில் தங்குவோரால் வரும் தொல்லை ஆகியவையே முறையீடுகள். நீதிமன்றத் தண்டனையால் மட்டும் இவை தீராது என்று கண்ட அவர், காவல்துறையையும் குடியிருப்பாளர்களையும் கூட்டிப் பேசினார். குப்பை அகற்றப்பட்டது, அறிவிப்புப் பலகைகள் வைக்கப்பட்டன. பலன் தெரிந்ததும் மற்றப் பகுதி மக்களும் கேட்டார்கள். திட்டம் அங்கெல்லாம் விரிந்தது.

ஆனால் ஒரு கேள்வியும் கூடவே எழுந்தது: காசு உள்ளவர்கள் அரசு வழக்கறிஞரை விலைக்கு வாங்கலாமா? அந்தப் பள்ளத்தில் தங்கியவர்கள் வீடற்ற ஏழைகள். வியாபாரியின் முறையீட்டுக்குப் பின்னால் பணம் இருந்தது. அவர்களுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்?

மார்க்கம் தரும் அளவுகோல்

ஜகாத் வசூலிக்க நபி (ஸல்) அவர்கள் அனுப்பிய இப்னுல் லுத்பிய்யா திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று பிரித்துக் காட்டினார். நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கண்டித்தார்கள். அவர் தம் பெற்றோர் வீட்டில் இருந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இச்செய்தி உள்ளது.

லாய்டு வியாபாரிகள் கொடுத்தது லஞ்சம் அல்ல, வெளிப்படையாகக் கொடுத்தார்கள். ஆனாலும் அந்தக் கேள்வி இங்கும் பொருந்தும். பதவியில் இருப்பவருக்கு ஒரு தரப்பின் பணம் போனால், அவர் நேர்மையானவராக இருந்தாலும் யாருடைய குரல் முதலில் கேட்கும்? எதிர்த்தரப்பு அவரை நம்புமா? செல்வந்தரா ஏழையா என்று பாராமல், நமக்கே எதிரானாலும் நீதியில் நிலைத்து நிற்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

நம் நாட்டுச் சட்டம்

இதே கேள்வி 1988-இல் முகுல் தலால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. தனியார் கேட்டு சிறப்பு அரசு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டாலும், அவருக்கான கட்டணத்தைப் பொதுவாக அரசே தர வேண்டும் என்று கூறிய நீதிமன்றம், சில விதிவிலக்குகளையும் ஏற்றது. அதே சமயம், பாதிக்கப்பட்டவர் நீதிமன்ற அனுமதியுடன், அரசு வழக்கறிஞருக்குத் துணையாகத் தம் சொந்த வக்கீலை வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆக, வழக்கை நடத்துபவருக்கு நாம் கூலி தரக் கூடாது. பாதிக்கப்பட்டவருக்குத் துணை நிற்கலாம்.

நம் மஹல்லாவில் செய்யக்கூடியவை

1. எந்தத் தெரு, எந்த நேரம், என்ன நடந்தது என்று தேதியோடு எழுதி வைப்போம். காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுவோம்.

2. எரியாத தெருவிளக்கு, ஆளில்லாத கட்டடம் பற்றி நகராட்சிக்கு மனு கொடுப்போம். பியர்சன் செய்த வேலையில் பெரும்பகுதி இத்தகையதே.

3. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவியைப் பயன்படுத்துவோம். பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளவர்களுக்கு வருமான வரம்பு இல்லை. உதவி எண் 15100.

4. பிடிபட்டவன் நம் வீட்டுப் பிள்ளையானாலும் மறைக்க வேண்டாம். அவன் ஏழையானால் அவனுக்கும் வக்கீல் கிடைக்கச் செய்வோம்.

5. ஜகாத்துக்குரிய எட்டு வகையினரை அத்தவ்பா 60-ஆம் வசனம் வரையறுத்துள்ளது. எனவே இந்தச் செலவுகளை ஸதகாவிலிருந்து செய்வோம். பாதிக்கப்பட்ட ஏழைக்கு ஜகாத் கொடுப்பது பற்றி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வோம்.

வீட்டில் பேசிப் பார்க்க

• நம் தெருவில் அதிகம் பயம் தரும் இடம் எது? பிள்ளைகளும் பெண்களும் என்ன சொல்கிறார்கள்?

• நம்மிடம் திருடியவனுக்கும் நியாயமான விசாரணை வேண்டும் என்று நாம் மனதார ஏற்கிறோமா?

• நாம் கொடுக்கும் பணம் நீதிக்கு உதவுகிறதா, நீதியை நம் பக்கம் சாய்க்கிறதா?

நம் தெருக்களில் அச்சமற்ற வாழ்வையும், நம் உள்ளங்களில் நீதியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.