பட்டாளமும் கட்டாயமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

நம்பிக்கை: "வெள்ளைக்காரன் காலத்துல வூட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போயே ஆகோணும். சுதந்திரம் வந்த பொறவுதான் அதை எடுத்தாங்க."

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல் வரை எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். உண்மையில், இந்தியர்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை சுமார் 25 லட்சம் பேராகப் பெருகியது. அத்தனை பேரும் சட்டப்படி, தாமாகப் பெயர் கொடுத்தவர்கள். 'சட்டப்படி' என்று சொல்லக் காரணம் இருக்கிறது. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் பஞ்சாபில் அதிகாரிகள் கிராமம் கிராமமாக ஆள் கேட்டு நெருக்கினார்கள். சம்பளத்துக்காகப் போனவர்களை வறுமை நெருக்கியது.

வேடிக்கை என்னவென்றால், இந்த மண்ணில் கட்டாயம் வந்தது வெள்ளைக்காரர்களுக்குத்தான். 1917ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டம், இங்கே வசித்த ஐரோப்பிய பிரிட்டிஷ் குடிமக்களுக்குச் சேவையைக் கட்டாயமாக்கியது. இந்தியர்கள் விரும்பினால் சேரலாம். 1920இல் அந்தப் படை கலைந்தது. 1940இல் மறுபடியும் ஒரு சட்டம் வந்தது. அதுவும் ஐரோப்பியர்களுக்கு மட்டும்தான்.

நம்பிக்கை: "அறுபதுகள்ல காலேஜ்ல படிச்ச எல்லாரையும் ராணுவத்துல சேர்த்துட்டாங்க."

ராணுவத்தில் இல்லை, என்சிசி என்னும் தேசிய மாணவர் படையில். 1962 சீனப் போருக்குப் பிறகு, 1963இல் கல்லூரி மாணவர்களுக்கு என்சிசி கட்டாயமானது. இந்தியாவில் கட்டாய ராணுவச் சேவைக்கு மிக அருகில் வந்த ஏற்பாடு இதுதான். ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. 1948ஆம் ஆண்டின் என்சிசி சட்டப்படி, படையணியில் இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு மாணவரைப் போர்ச் சேவைக்கு அனுப்ப முடியாது. காக்கி உடுப்பு, லாடம் அடித்த பூட்ஸ், தோளில் பழைய ரைஃபிள், விடியற்காலை பரேடு, வருகைப் பதிவு: அவ்வளவுதான். அன்றைய மாணவர்களைக் கேட்டால், பரேடு முடிந்து கிடைத்த பூரிக்கிழங்கைத்தான் முதலில் சொல்வார்கள். 1968இல் கட்டாயம் போய், என்சிசி மறுபடி விருப்பத்துக்கு உரியதானது.

நம்பிக்கை: "இந்திக் கட்டளைய எதிர்த்து அண்ணாதான் அந்தக் கட்டாயத்தை ஒழிச்சார்."

பாதி உண்மை என்பதால் இது நன்றாக ஒட்டிக்கொண்டுவிட்டது. 1968 ஜனவரி 23 அன்று தமிழகச் சட்டமன்றம் நிறைவேற்றிய இருமொழிக் கொள்கைத் தீர்மானத்தில் என்சிசி வருகிறது. 'சாவ்தான்', 'விஷ்ராம்' போன்ற இந்திக் கட்டளைகள் இங்கே வேண்டாம் என்று அண்ணா அரசு உறுதியாகச் சொன்னது. 1965 மொழிப் போராட்டத்தின் சூடு ஆறாத மாணவர்களை தினமும் காலையில் இந்தியில் நிமிர்ந்து நில் என்றால் என்ன ஆகும்?

ஆனால் நாடு முழுவதும் கட்டாயம் நின்றதற்குக் காரணம் அதுவல்ல; தேதியைப் பார்த்தாலே தெரியும். 1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக் குழு, மாணவர்களைச் சமூகப் பணியில் ஈடுபடுத்தும்படி வலியுறுத்தியது. 1967 ஏப்ரலில் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, பல்கலைக்கழக அளவில் என்சிசியை விருப்பத்துக்கு விட்டு, மாற்றாக நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கப் பரிந்துரைத்தது. தமிழகத் தீர்மானத்துக்கு ஒன்பது மாதம் முன்பே நடந்தது இது. நாம் இன்று என்எஸ்எஸ் என்று அழைக்கும் அந்தத் திட்டம் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கியது. அண்ணாவின் தீர்மானத்துக்குத் தனிப் பெருமை உண்டு. இல்லாத பெருமையை அதன் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

நம்பிக்கை: "நம்ம அரசியல் சட்டத்துல கட்டாய ராணுவத்துக்கு இடமே இல்லை."

இடம் இருக்கிறது. கட்டாய உழைப்பைத் தடுக்கும் அதே 23ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பொது நோக்கத்துக்காக அரசு கட்டாயச் சேவை விதிக்கலாம் என்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் என்ற அடிப்படையில் மட்டும் பாகுபாடு கூடாது.

நம்பிக்கை: "உலகத்துல ஒரு தடவை நிறுத்துன நாடு திரும்பக் கொண்டுவராது."

ஸ்வீடன் 2010இல் நிறுத்தி 2017இல் திரும்பக் கொண்டுவந்தது. லிதுவேனியா 2008இல் நிறுத்தி 2015இல் கொண்டுவந்தது. ஜெர்மனி 2011இல் இடைநிறுத்தம்தான் செய்தது, சட்டத்தை ரத்து செய்யவில்லை. சிங்கப்பூரிலோ 1967இல் தொடங்கிய கட்டாயச் சேவை இன்றும் நிற்கவில்லை. அங்கே பிறந்து வளரும் தமிழ்ப் பையன்களும் அதற்குத் தப்புவதில்லை.

நம்பிக்கை: "அக்னிவீர்னு சொல்லி இனி எல்லாப் பசங்களையும் நாலு வருசம் இழுத்துக்குவாங்க."

2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் யாரையும் இழுப்பதில்லை. விண்ணப்பித்து, எழுத்துத் தேர்வில் தேறி, ஓடிக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். நான்காண்டுச் சேவை முடிந்ததும் 25 சதவீதம் பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு சேவா நிதி உண்டு, ஓய்வூதியம் கிடையாது. இது சரியா என்று தாராளமாகச் சண்டை போடலாம். கட்டாயம் என்று மட்டும் சொல்லக்கூடாது.

நம் பக்கத்துப் பையன்களுக்குக் கட்டாயம் ஒரு பிரச்சினையே அல்ல; படையில் இடம் கிடைக்குமா என்பதுதான் அவர்கள் ஏக்கம். இருட்டு விலகும் முன்பே ரோட்டோரம் ஓடிப் பழகுகிறார்கள், கூட வருபவர் கையில் ஸ்டாப்வாட்ச். தரைப்படைக்கு 1600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் முழு மதிப்பெண் 60. பத்து புல்-அப்ஸ் எடுத்தால் 40. ஐந்தாறு விநாடியில் ஒரு வருட உழைப்பு கைநழுவும்.

இந்த ஏக்கத்தில்தான் புரோக்கர் நுழைகிறான், "பணத்தைக் கட்டுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்று. பெற்றோர்களே, சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்கான ஆள்சேர்ப்பை நடத்துவது கோவை ராணுவ ஆள்சேர்ப்பு அலுவலகம். விண்ணப்பம் ராணுவத்தின் சொந்த இணையதளத்தில். இடையில் நின்று எவன் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள், போலீசில் சொல்லுங்கள்.