அழிப்பதற்கு முன் விளக்கைப் பாருங்கள்

கரன்ட் போய் வந்தது. வீட்டில் எந்த ஃபோனிலும் டயல்டோன் இல்லை. ராஸ்பெர்ரி பை போர்டில் ஆஸ்டரிஸ்க் மென்பொருளைப் போட்டு வீட்டுக்குள் சொந்த டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் நடத்துகிறவர்கள் பலர், உடனே மெமரி கார்டை உருவி, அழித்து, முதலிலிருந்து இன்ஸ்டால் செய்கிறார்கள். எக்ஸ்டென்ஷன்கள், சேர்த்து வைத்த வாய்ஸ்மெயில், வீட்டுப் பெரியவர் பேசிப் பதிந்த வரவேற்புக் குரல் எல்லாம் அதோடு போகிறது. பெரும்பாலும் தேவையே இல்லாத இழப்பு அது. அதற்குக் காரணமான சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: 33 வாட் ஃபோன் சார்ஜர் போட்டிருக்கிறேன், மின்சாரத்தில் குறை இருக்காது.

அதிகம் பேரை அலைக்கழிப்பது இதுதான். வேக சார்ஜர் ஃபோனோடு பேசி ஒப்புக்கொண்ட பிறகுதான் வோல்டேஜை ஏற்றும். அந்த 33 வாட் அப்போதுதான் கிடைக்கும். பை போர்டு அப்படிக் கேட்பதில்லை. அதனால் 5 வோல்ட்டிலேயே நின்றுவிடும், சில சார்ஜர்களில் 2 ஆம்பியர் அளவோடு. பை 3-க்கு 5.1 வோல்ட்டில் 2.5 ஆம்பியரும் பை 4-க்கு 3 ஆம்பியரும் தரும் அடாப்டர் வேண்டும். ஒயரும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். போய்வரும் கம்பியின் தடை கால் ஓம் இருந்தாலே, 2 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் ஒயரிலேயே கரைந்துவிடும், போர்டுக்கு 4.5 வோல்ட்தான் மிச்சம். பை 3-இல் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சிவப்பு விளக்கு அணையும் அல்லது சிமிட்டும். சும்மா இருக்கும்போது ஓடுகிற போர்டு, பூட் ஆகும் நேரத்தில் எல்லாம் ஒன்றாக விழிக்கும்போது தடுமாறுவது இதனால்தான். குட்டையான, தடித்த ஒயருக்கு மாற்றிப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்.

நம்பிக்கை: கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினால் விண்டோஸ் ஃபார்மட் செய்யச் சொல்கிறது, கார்டு போய்விட்டது.

போகவில்லை. கார்டில் இரண்டு பகுதிகள் உண்டு. பூட் கோப்புகள் இருக்கும் சிறிய பகுதியை விண்டோஸ் படிக்கும். ஆஸ்டரிஸ்க்கும் உங்கள் அமைப்புகளும் இருக்கும் பெரிய பகுதி லினக்ஸ் முறையில் எழுதப்பட்டது. அதைப் படிக்கத் தெரியாததால்தான் அப்படிக் கேட்கிறது. ஃபார்மட் கொடுத்தால் நல்ல கார்டை நீங்களே அழித்தவர் ஆவீர்கள். லினக்ஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் செருகி, அந்தப் பகுதிக்கு எஃப்.எஸ்.சி.கே. சோதனை ஓட்டுங்கள். கரன்ட் போனதால் வரும் சேதங்களில் பலவும் அதிலேயே சரியாகும்.

நம்பிக்கை: பச்சை விளக்கு சிமிட்டினால் பூட் ஆகிறது என்று அர்த்தம்.

எண்ணிப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் மினுங்கினால் கார்டைப் படிக்கிறது. ஒரே சீராக 4 முறை சிமிட்டி நிறுத்தி மறுபடி 4 என்றால், தொடக்கக் கோப்பு கிடைக்கவில்லை. 7 என்றால் கெர்னல் கிடைக்கவில்லை. பை 4 வந்தது 2019-இல். அதற்கு முன் தயாரித்த இமேஜ் அதில் பூட் ஆகாது. பழைய போர்டின் கார்டைப் புதியதில் மாற்றிச் செருகியவர்கள் இதையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: ஃபோன் பதிவாகவில்லை என்றால் சர்வர் பூட் ஆகவில்லை.

ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். பல நேரங்களில் சர்வர் அங்கே நலமாக இருக்கும், ஆனால் வேறு ஐ.பி. முகவரியில். கரன்ட் திரும்பியபோது ரூட்டர் புது முகவரி கொடுத்துவிட்டது. ஃபோன்கள் பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கின்றன. ரூட்டரிலேயே சர்வருக்கு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது.

முகவரி சரியாக இருந்தும் பதிவாகாவிட்டால், உள்ளே நுழைந்து கார்டில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்டரிஸ்க்கின் லாக் கோப்பு மாதக்கணக்கில் வளர்ந்து கார்டை நிரப்பிவிடுவது உண்டு. இடம் தீர்ந்தால் டேட்டாபேஸ் கிளம்பாது. ஆஸ்டரிஸ்க்கை நிர்வகிக்கப் பலர் போட்டிருக்கும் ஃப்ரீபிபிஎக்ஸும் அதை நம்பியிருப்பதால் படுத்துவிடும். பழைய லாக்கை நீக்கி ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

உங்கள் சர்வர் இன்று நன்றாக ஓடுகிறதென்றால், இன்றைக்கே அந்தக் கார்டை அப்படியே இன்னொரு கார்டில் நகல் எடுங்கள். நகல் கார்டைச் செருகி, ஒருமுறை பூட் செய்து, ஒரு ஃபோனிலிருந்து இன்னொன்றுக்குக் கால் போட்டுப் பார்த்த பிறகே அதை டிராயரில் வையுங்கள்.