எப்போது பொய்யாகும்?

அன்புத் தம்பிக்கு,

நீ லோஜ்பான் என்ற தர்க்க மொழியில் மொழிபெயர்த்து அனுப்பிய சிறுகதையை இரண்டு முறை படித்தேன். சொல் சொல்லாகத் தேடிப் போட்டிருக்கிறாய். ஆனால் அம்மாவும் அக்காவும் பீரோவை நகர்த்தும் இடத்தில் கதையே மாறிவிட்டது. இரு பெயருக்கும் நடுவில் 'எ' வைத்திருக்கிறாய். 'எ' வைத்தால் அது இரண்டு வாக்கியம்: அம்மா நகர்த்தினாள், அக்கா நகர்த்தினாள். ஒருத்தியால் அசைக்க முடியாத பீரோ என்பதுதானே உன் கதை? அங்கே வரவேண்டியது 'ஜோய்'. இருவரையும் ஒரே கூட்டாக்கும் சொல் அது. நம் 'உம்' இரண்டு வேலையையும் பார்த்துவிடுவதால் தவறு உன் காதில் விழவில்லை.

தமிழ்ச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடாதே. இந்த வாக்கியம் எப்போது பொய்யாகும் என்று கேள். 'அ' என்ற இணைப்புச் சொல் இரண்டு கூற்றும் தவறினால்தான் பொய். 'எ' ஒன்று தவறினாலே பொய். 'ஒ' இரண்டில் ஒன்று மட்டும் மெய்யானால் பொய். 'உ'வுக்கு முதல் கூற்று மட்டுமே கணக்கு. முதல் கூற்றை மறுக்க 'ந', இரண்டாவதை மறுக்க 'நை'. இரண்டையும் இடம் மாற்ற 'ஸெ'. இவ்வளவை வைத்தே இரு கூற்றுகளுக்கு இடையில் அமையக்கூடிய 16 உறவுகளில் 14ஐச் சொல்லிவிடலாம். எப்போதும் மெய், எப்போதும் பொய் என்ற இரண்டுதான் மிச்சம். பெயர்களை இணைக்க 'எ', பயனிலைகளை இணைக்க 'கிஹெ', வாக்கியங்களுக்கு 'இஜெ' என்று உருவம் மாறினாலும் உயிர் மாறாது. ஜான் கவன் எழுதி 1997இல் வெளிவந்த லோஜ்பான் இலக்கண நூலின் 14ஆம் அத்தியாயம் முழுக்க இணைப்புச் சொற்கள்தான். அதை மெதுவாகப் படி.

"பஸ்ஸிலோ ரயிலிலோ வந்திருப்பான்" என்ற இடத்திலும் 'அ' போட்டிருக்கிறாய். ஏதோ ஒன்றில்தான் வந்திருக்க முடியும் என்றால் 'ஒனை' போடு.

'உ' எனக்கு மிகவும் பிடித்தது. "நீ போனாலும் போகாவிட்டாலும் நான் போவேன்" என்பது நமக்குப் பேச்சுவழக்கு. அதற்கென்று அங்கே ஒரு தனி உயிரே இருக்கிறது. ஆனால் தமிழில் உறுதியான கூற்று பின்னால் வருகிறது. அதே வரிசையில் எழுத வேண்டுமானால் 'இஜு' போதாது, 'இஸெஜு' வேண்டும். நீ 'ஸெ'யை விட்டுவிட்டாய். அதனால், போவது உறுதியானவர் நான் அல்ல, நீ என்று ஆகிவிட்டது.

இணைப்புச் சொல்லையே கேள்வியாகக் கேட்க 'ஜி' இருக்கிறது. விடையும் இணைப்புச் சொல்தான்: இரண்டும் என்றால் 'எ', முதலாவது மட்டும் என்றால் 'எனை', இரண்டாவது மட்டும் என்றால் 'ந எ', எதுவும் வேண்டாம் என்றால் 'ந எனை'.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, மூன்றாம் பத்தியைச் சேர்ந்து திருத்துவோம். லொ ஷ்காஃபி ஜி லொ ச்சாட்டி? காபியா டீயா என்று முன்கூட்டியே எழுதிவிடு.

அன்புடன்,
அண்ணன்