நீரேற்றும் பம்புகளில் குழாய் இணைப்பும் மானிகளும்

மட்டாஞ்சேரிக்குத் தெற்கே காயற்கரையில் அமைந்துள்ளது தோப்பும்படி. இங்குள்ள மீன்பிடித் துறைமுகம் 1978 முதல் இயங்கி வருகிறது. மீன் இறங்கும் இடத்திற்குப் பனிக்கட்டி வேண்டும். பனிக்கட்டி ஆலைக்கு ஓயாத நீரோட்டம் வேண்டும். அம்மோனியா ஆவியைத் திரவமாக்கும் கண்டென்சருக்கு நீர் வருவது நின்றால், விரைவில் அமுக்கம் ஏறிக் கம்பிரசரை நிறுத்த நேரும். காத்திருக்கும் மீனோ கெடத் தொடங்கும். ஆகவே காயல் நீரை ஏற்றும் பம்பைப் பொருத்துவோர் சில அடிப்படைகளை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. 'உறிஞ்சு குழாய்' என்று மொழிபெயர்த்து வழங்குகிறோம். வழக்கில் நிலைத்துவிட்டமையால் இங்கும் அதையே ஆள்கிறோம். எனினும் அது தவறான எண்ணத்தைத் தருவது. பம்பு நீரை இழுப்பதில்லை. தன் வாயிலில் அமுக்கத்தைக் குறைக்கிறது. காயலின்மேல் அழுத்தும் காற்றுமண்டலமே நீரைக் குழாயினுள் தள்ளுகிறது. அக்காற்றின் முழு வலிமையும் 10.3 மீட்டர் நீர்த்தம்பத்தைத் தாங்குவதற்கே போதும். குழாயின் உராய்வு முதலிய இழப்புகளைக் கழித்தால், நடைமுறையில் 5 அல்லது 6 மீட்டருக்கு மேல் நம்புதல் கூடாது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதிற் காட்டலாம். பானம் பருகும் குழலில், நீர்மட்டத்திற்கு மேலாக ஊசியால் துளையிட்டு, மாணவனைப் பருகச் சொல்க. காற்றுப் புகுவதால் நீர் சரிவர ஏறாது. தளர்ந்த பிளாஞ்சு இணைப்பிலும் நிகழ்வது இதுவே. தள்ளு குழாய் ஒழுகினால் நீர் வெளியே சொட்டும். உறிஞ்சு குழாய் ஒழுகினால் காற்று உள்ளே போகும், கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. பம்பு ஓடும்போது இணைப்புகளில் சோப்பு நுரையைப் பூசினால், ஒழுக்குள்ள இடத்தில் நுரை உள்ளிழுக்கப்படுவதைக் காணலாம்.

உறிஞ்சு குழாய் பம்பை நோக்கிச் சிறிது சிறிதாக உயர்ந்து செல்ல வேண்டும். இடையில் மேடு இருப்பின் அங்கே காற்றுத் தங்கும். குழாயின் விட்டத்தைக் குறைக்கும் இணைப்பு, மேற்புறம் தட்டையான வகையாக இருத்தல் வேண்டும், காரணம் அதுவே. முழங்கை இணைப்பைப் பம்பின் வாயிலில் நேரே வைத்தலாகாது. விட்டத்தைப் போல் ஐந்து மடங்கேனும் நேர்க்குழாய் இடையில் வேண்டும். தள்ளு பக்கத்தில் முதலில் ஒருவழி வால்வு, அதற்கப்பால் கேட் வால்வு. வரிசை மாறினால் ஒருவழி வால்வைப் பழுதுபார்க்க இயலாது. உப்புநீரில் வெண்கல வால்வை இரும்புக் குழாயோடு நேரே பூட்டினால் இரும்பு அரிக்கப்படும். இடையே மின்கடத்தா வாஷரும் போல்ட்டுகளுக்கு உறையும் இடுக.

விலை மிச்சமென்று உறிஞ்சு பக்கத்து வெற்றிடமானியை விட்டுவிடும் வழக்கம் உண்டு. இது வீண் சிக்கனம். நோயின் முதற்குறி அங்கேதான் தோன்றுகிறது. மானியினுள் இருப்பது பிரெஞ்சுக்காரரான பூர்டோன் 1849-இல் காப்புரிமை பெற்ற வளைகுழல்; அமுக்கம் கூடினால் நிமிரும். நீருக்கான மானிகளில் இக்குழல் பெரும்பாலும் செம்புக் கலவையால் ஆனது. அதனை அம்மோனியாக் குழாயில் ஒருபோதும் பூட்டலாகாது. அம்மோனியா செம்பை அரிக்கும். பனிக்கட்டி ஆலையில் இருவகை மானிகளும் அருகருகே தொங்குவதால் இவ்வெச்சரிக்கை.

தள்ளு பக்க மானி சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோகிராம் காட்டினால் அது 20 மீட்டர் நீருயரம். வெற்றிடமானி 250 மில்லிமீட்டர் பாதரசம் காட்டினால் 3.4 மீட்டர். இரு மானிகளுக்கும் இடையுள்ள உயரம் அரை மீட்டராயின் பம்பின் மொத்தப் பளு 23.9 மீட்டர். இவ்வளவுகளை நாள்தோறும், ஓதத்தின் நிலையோடு சேர்த்துக் குறிக்க வேண்டும். ஓதம் 0.7 மீட்டர் இறங்கினால் வெற்றிடம் சுமார் 50 மில்லிமீட்டர் கூடுவது இயல்பு. ஓதம் ஏறியும் அது குறையவில்லை எனில் வடிகட்டியை ஐயுறுக. மழைக்காலத்தில் ஆகாயத்தாமரை மிதந்து வந்து ஒரு மணி நேரத்திற்குள் அடைத்துவிடக்கூடும். நீர் உவர்க்கும் கோடையில் கொட்டலசும் சிப்பியும் குழாயினுள் வளர்வதால் வெற்றிடம் வாரக்கணக்கில் மெல்ல ஏறும். வெற்றிடம் குறைந்து தள்ளமுக்கம் கூடினால் தடை கண்டென்சர்ப் பக்கத்தில் உள்ளது. இரு முட்களும் நடுங்கித் தாழ்ந்தால் காற்றுப் புகுந்துவிட்டது. பம்பை உடனே நிறுத்துக.